குடும்பத்தோடு 7 இரவு கப்பல் பயணம்: டிப்ஸுக்கு எவ்வளவு எடுத்து வைக்கணும்?

புதுப்பயணி கேட்டது:

பெரியவங்க ரெண்டு பேர், 8 வயசுப் பையன், ஒன்றரை வயசுக் குழந்தை. 7 இரவு, ஒரே கேபின். அமெரிக்கக் கம்பெனிகள் மூணு நாலைப் பார்த்துட்டிருக்கோம், இன்னும் புக் பண்ணலை. டிக்கெட் காசே இழுத்துப் பிடிச்சுச் சேர்த்ததுதான்.

டிப்ஸ் விஷயத்துல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. தினமும் தானாவே பிடிச்சுடுவாங்கன்னு ஒருத்தர், கையில தனியாக் கொடுக்கணும்னு ஒருத்தர், பார் பில்லுல ஏற்கெனவே சேர்த்திருக்கும்னு ஒருத்தர். மொத்தம் எவ்வளவு ஒதுக்கணும்? கைக்குழந்தைக்கும் கட்டணுமா? தானா பிடிக்கிறது போக ரொக்கமா ஒரு 80 டாலர் வரைக்கும் முடியும். அதை யார் யாருக்குக் கொடுக்கறது? கஞ்சத்தனம் பண்ணணும்னு இல்லை. தெரியாம ஒரே வேலைக்கு ரெண்டு தடவை கொடுத்துட்டு, கொடுக்க வேண்டியவங்களை விட்டுடக் கூடாது, அவ்வளவுதான்.

நங்கூரம்:

பெரிய தொகையை முதலில் பார்ப்போம். அமெரிக்கக் கம்பெனிகளின் பெரிய கப்பல்களில் சாதாரண கேபினுக்குத் தலைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் வரை தானாகவே உங்கள் கணக்கில் ஏறும். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும்: கிராஜுவிட்டி, சர்வீஸ் சார்ஜ், ஹோட்டல் சர்வீஸ் சார்ஜ், க்ரூ அப்ரிசியேஷன். எல்லாம் ஒன்றுதான். பில்லில் 'டிப்ஸ்' என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காது.

நாள் என்பது இரவுக் கணக்கு. 7 இரவுப் பயணத்தில் கப்பலில் 8 தேதிகள் இருந்தாலும் 7 நாளுக்குத்தான் பிடிப்பார்கள். தலைக்கு 18 என்று வைத்தால் 4 பேருக்கு 18 × 4 × 7 = 504 டாலர். 16 என்றால் 448, 20 என்றால் 560. டிக்கெட் விலையை ஒப்பிடும்போதே இதையும் கூட்டிப் பாருங்கள். பட்ஜெட்டில் துண்டு விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். விளம்பரத்தில் போடும் விலையில் இது இருக்காது.

கைக்குழந்தை விஷயத்தில்தான் கம்பெனிகள் பிரிகின்றன. ராயல் கரீபியனில் வயது வித்தியாசமே கிடையாது, கைக்குழந்தையும் ஒரு தலைதான். கார்னிவலில் 2 வயதுக்குக் கீழே இருந்தால் கட்டணம் இல்லை. நார்வீஜியனில் 3 வயது முதல்தான். உங்கள் குழந்தைக்கு ஒன்றரை வயது என்பதால் இது சும்மா விவரம் இல்லை: நாளுக்கு 18 என்றால் 7 இரவுக்கு 126 டாலர் வித்தியாசம். 504-க்குப் பதில் 378. எம்எஸ்சி, கோஸ்டா போன்ற ஐரோப்பியக் கம்பெனிகளில் சிறுவர்களுக்குப் பாதிக் கட்டணம் என்ற முறையும் உண்டு. எந்த வயது வரை என்பது பயணம் நடக்கும் பகுதியைப் பொறுத்து மாறும், புக் செய்யும் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

சூட் எனும் பெரிய, விலை கூடிய அறைக்கு மாறினால் தினசரித் தொகையும் கூடும், அதுவும் அறையில் தங்கும் எல்லோருக்கும். தலைக்கு 3 டாலர் கூடுதல் என்றாலே 4 பேருக்கு 7 இரவில் 84. புக் செய்தபின் ஏலம் கேட்டு மலிவாக அறையை உயர்த்திக்கொள்ளும் திட்டங்களில் இது பலருக்கு உறைப்பதில்லை. முன்கூட்டியே சாதாரண கேபின் கணக்கில் கட்டியிருந்தால் மிச்ச வித்தியாசம் கப்பலில் பிடிக்கப்படும்.

இதையெல்லாம் தவிர்க்க இன்னொரு வழி, டிப்ஸ் டிக்கெட்டுக்குள்ளேயே அடங்கிய கம்பெனி. பிரிட்டனின் பி அண்ட் ஓ 2019-லேயே தனிக் கட்டணத்தை எடுத்துவிட்டது. மாரெல்லாவிலும் அப்படித்தான். ஜெர்மனியின் ஐடா, மைன் ஷிஃப் கப்பல்களிலும் டிக்கெட்டுக்குள்ளேயே வந்துவிடும். டிக்கெட் 400 டாலர் கூடுதலாகத் தெரிந்தாலும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் சமமாகக்கூட இருக்கலாம்.

சில்லறைக்கணக்கு:

நங்கூரம் சொன்ன 504 போக, பலருக்குக் கையைக் கடிக்கறது பார் பில்லும் டிரிங்க்ஸ் பேக்கேஜும் (நாளுக்கு இவ்வளவுன்னு மொத்தமாக் கட்டிட்டுப் பானங்களைக் குடிக்கற திட்டம்)தான். அதைச் சொல்றேன்.

பாருல வாங்கற எதுக்கும் 18 முதல் 20% தானா சேரும். குழந்தைங்க குடிக்கற, மது கலக்காத மாக்டெயிலும் இதுல அடக்கம். 12 டாலர் மாக்டெயில், 18% சேர்ந்தா 2.16, ஆக 14.16. இந்த பில்லை உங்க முன்னாடி வைக்கும்போது, அந்த 2.16 மேல ஒரு வரியில பொடி எழுத்துல இருக்கும். அதுக்குக் கீழே 'கூடுதல் டிப்ஸ்'னு ஒரு கோடு காலியா இருக்கும், அதுக்கும் கீழே 'மொத்தம்'னு இன்னொரு காலிக் கோடு, அப்புறம் கையெழுத்து. கோடு காலியா இருந்தா எதையாவது எழுதணும்னு கை தானாப் போகும். 2 டாலர் எழுதினா 12 டாலர் பானத்துக்கு 4.16 டிப்ஸ், கிட்டத்தட்ட 35%. கூடுதல் கோட்டுல ஒரு கோடு கிழிச்சுட்டு, மொத்தத்துல 14.16-னு எழுதிட்டு கையெழுத்துப் போடுங்க. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க, அவங்க பங்கு ஏற்கெனவே மேல இருக்கு. சில கப்பல்ல இது பேப்பரே இல்லாம டேப்லெட் திரையில வரும், அங்கேயும் அதே கதை.

டிரிங்க்ஸ் பேக்கேஜ் விலையும் இப்படித்தான். ஒரு நாளைக்கு 70-னு போட்டிருந்தா 7 நாளைக்கு 490, அதுக்கு மேல 18% அதாவது 88.20, ஆக 578.20. ரெண்டு பெரியவங்களுக்கு டிப்ஸ் மட்டுமே 176.40. மது பேக்கேஜை ஒருத்தர் வாங்கினா அதே கேபின்ல இருக்கற மத்த பெரியவங்களும் வாங்கணும்ங்கற விதி பல கம்பெனியில இருக்கு. தினம் நாலஞ்சு குடிக்கறவங்களா இல்லைன்னா பேக்கேஜை விட்டுடுங்க. டிப்ஸ்ல பட்ஜெட் பிடிக்க நினைக்கறவங்க கைவைக்க வேண்டிய இடம் இதுதான். கேபினைச் சுத்தம் பண்ற ஸ்டூவர்டோட பங்குல இல்லை.

ஸ்பா, சலூன்லயும் இதே மாதிரி தானா சேரும். காசு கட்டிச் சாப்பிடற தனி ரெஸ்டாரன்ட்ல வாங்கற தொகையிலயே பெரும்பாலும் டிப்ஸ் அடக்கம். பில்லைப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டாப் போதும்.

பாய்மரம்:

ஒரு கேள்வி. தினசரித் தொகையை கெஸ்ட் சர்வீசஸ் கவுண்டர்ல போய்க் குறைக்கச் சொல்லலாம், முழுசா எடுக்கவும் சொல்லலாம்னுதானே விதி? அப்போ 504-ஐ எடுத்துட்டு, நமக்கு நிஜமா வேலை செஞ்ச ஸ்டூவர்டுக்கும் வெயிட்டருக்கும் நேராக் கையில 200 கொடுத்தா அவங்களுக்கும் லாபம், நமக்கும் லாபம் இல்லையா? நடுவுல கம்பெனி எதுக்கு?

நங்கூரம்:

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, கணக்குதான் உதைக்கிறது. தினசரித் தொகை உங்கள் ஸ்டூவர்டுக்கும் வெயிட்டருக்கும் மட்டும் போவதில்லை. அது பொது உண்டியல். பஃபேயில் தட்டெடுப்பவர், சலவைக் கூடத்தில் உங்கள் துண்டைத் துவைப்பவர், சமையல்கட்டில் பாத்திரம் கழுவுபவர் என்று நீங்கள் முகம் பார்க்காதவர்களுக்கும் அதில் பங்கு போகும். யார் யாருக்கு எவ்வளவு என்பதில் கம்பெனிகள் வேறுபடும். நீங்கள் எடுத்துவிட்டால் முதலில் அடிபடுவது அவர்கள்தான்.

அதோடு, தினசரித் தொகையை எடுத்தவர்களிடமிருந்து வாங்கும் ரொக்கத்தை ஊழியர்கள் பொது உண்டியலில் சேர்த்துவிட வேண்டும் என்ற நடைமுறை சில கம்பெனிகளில் உண்டு. தொகை கணக்கில் இருக்க, அதற்குமேல் கொடுக்கும் ரொக்கத்தைத்தான் அவர்கள் வைத்துக்கொள்ள முடியும். ஆக உங்கள் 200 நீங்கள் நினைத்த இருவர் கைக்குப் போகாமலே போகலாம்.

இதை ஏன் சம்பளத்திலேயே சேர்க்கக் கூடாது என்பது வேறு விவாதம், அதில் எனக்கும் உங்கள் பக்கம்தான். ஆனால் இப்போதுள்ள நிலை இது: ஒப்பந்தம் பொதுவாக 6 முதல் 9 மாதம், வாரத்தில் ஏழு நாளும் வேலை. 2013-இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைகூட 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு என்றுதான் சொல்கிறது. இவர்களின் மாத வருமானம் இந்தத் தொகையை நம்பித்தான் போடப்படுகிறது.

குறைக்கச் சொல்லும் உரிமை எதற்கு இருக்கிறது என்றால், சேவை உண்மையிலேயே மோசமாக இருந்தால் பயன்படுத்த. அப்போதும் கடைசி நாள் போய் எடுப்பதைவிட, இரண்டாம் மூன்றாம் நாளே கெஸ்ட் சர்வீசஸிலோ ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வையாளரிடமோ சொன்னால் மீதி நாட்களாவது சரியாகும். எதுவானாலும் இறங்குவதற்கு முன் முடித்துவிடுங்கள். கரையேறியபின் மாற்ற மாட்டோம் என்பதே பல கம்பெனிகளின் விதி.

புதுப்பயணி:

எடுக்கறதா இல்லை. அது டிக்கெட்லயே சேர்ந்ததுன்னு எழுதிட்டேன். அப்போ முன்கூட்டியே கட்டிடறது நல்லதா, கப்பல்ல தினமும் பிடிக்கட்டும்னு விடறதா?

நங்கூரம்:

முன்கூட்டியே கட்டிவிடுங்கள். இடையில் கம்பெனி தொகையை ஏற்றினாலும், ஏற்கெனவே கட்டியவர்களுக்குப் பழைய தொகையே பொதுவாக நிற்கும். கப்பலில் அறிமுகமில்லாத பெரிய பில்லாக வராது.

மேல்தளம்:

அதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அவசரப்பட்டுக் கட்ட வேண்டாம். புக் செய்யும்போது ஆன்போர்டு கிரெடிட், அதாவது கப்பலில் செலவழிக்கக் கம்பெனி தரும் சலுகைத் தொகை, ஏதாவது கொடுத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். அதில் இரண்டு வகை: செலவழிக்காத மிச்சம் திரும்பக் கிடைப்பது, கிடைக்காதது. திரும்பக் கிடைக்காத கிரெடிட் 150 டாலர் இருந்து, டிப்ஸை முன்பே கட்டிவிட்டால், அந்த 150-ஐத் தீர்க்கக் கடைசி நாள் கடையில் டி-ஷர்ட்டும் சாவிக்கொத்தும் வாங்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். டிப்ஸைக் கப்பலிலேயே பிடிக்க விட்டால் கிரெடிட் அதில் கழிந்துவிடும். கையிலிருந்து போவது 504-க்குப் பதில் 354.

டெபிட் கார்டைக் கப்பல் கணக்கோடு இணைத்தால் கவனம். கப்பல்காரர்கள் செலவுக்கு முன்பாகவே கார்டில் ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள், பயணம் முடிந்து சில நாள் கழித்துத்தான் அது விடுபடும். உங்கள் குடும்பத்துக்குத் தினமும் 72 டாலர் ஏறிக்கொண்டே இருந்தால் வங்கிக் கணக்கில் இருக்கும் பணத்தைத் தொட முடியாமல் போகலாம். கிரெடிட் கார்டோ, கவுண்டரில் ரொக்க முன்பணமோ மேல்.

முன்பே கட்டியிருந்தாலும் சரி, ஏஜென்ட் சலுகையாகக் கட்டிக்கொடுத்திருந்தாலும் சரி, இரண்டாம் நாள் கப்பலின் ஆப்பிலோ கேபின் டிவியிலோ உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள். தினசரி டிப்ஸ் தொகை அதில் தெரியக் கூடாது. தெரிந்தால் புக்கிங் ரசீதோடு அன்றைக்கே கவுண்டருக்குப் போங்கள். கடைசி இரவு அங்கே வரிசை நடைபாதை வரைக்கும் நிற்கும்.

சில்லறைக்கணக்கு:

இப்போ உங்க 80 டாலர். ரொக்கமா இப்படிப் பிரிக்கலாம்:

துறைமுகத்துல பெட்டி தூக்கற போர்ட்டர்: ஒரு பெட்டிக்கு 2 வீதம் 4 பெட்டிக்கு 8. இவங்க கப்பல் ஊழியர் இல்லை, பொது உண்டியல்ல இவங்களுக்குப் பங்கு கிடையாது. பெட்டியை அவங்க கையில கொடுக்கறப்போவே கொடுக்கணும். இறங்கறப்போ பெட்டியை நீங்களே உருட்டிட்டுப் போனா அந்தச் செலவு இல்லை, ஆனா கைக்குழந்தையோட 4 பெட்டி, யோசிச்சுக்கோங்க.

கேபின் ஸ்டூவர்ட்: 25.
மெயின் டைனிங்ல உங்க மேஜை வெயிட்டர்: 15. அசிஸ்டன்ட்: 10.
ரூம் சர்வீஸ்: கொண்டு வர்றவருக்குத் தடவைக்கு 3, ரெண்டு தடவை 6. சில கம்பெனி ரூம் சர்வீஸுக்குக் கட்டணமும் அதுக்கு மேல 18%-உம் போடுது, அப்படி இருந்தா தனியாக் கொடுக்க வேண்டாம்.
கரையில ஒரு டூர் கைடு: 10.

மொத்தம் 74. மிச்ச 6 பஸ் டிரைவருக்கோ இன்னொரு ரூம் சர்வீஸுக்கோ.

தினம் பஃபேயிலயே சாப்பிடப் போறீங்கன்னா மேஜை வெயிட்டர், அசிஸ்டன்ட் கணக்கு அடிபடும், அவங்களுக்கு வெச்ச 15 + 10-ல ஒரு பகுதியை ஸ்டூவர்டுக்கே சேர்த்துடுங்க. குழந்தை இருக்கற கேபின்ல அவருக்குத்தான் வேலை அதிகம்: தொட்டில் கொண்டு வந்து போடணும், பையனுக்கு அப்பர் பெர்த்தை இறக்கி ஏத்தணும், கீழே சிந்தின பிஸ்கட் தூளைத் தினம் எடுக்கணும். இதுல பாதி கம்பெனி இப்போ ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் கேபின் சுத்தம் பண்ணுது, காலையா சாயங்காலமான்னு முதல் நாளே கேட்பாங்க. குழந்தை தூங்கற நேரத்தைப் பார்த்துச் சொல்லுங்க. பெர்த்தை இறக்கியே வெச்சிருங்கன்னு சொல்லிட்டா அவருக்கு ஒரு வேலை மிச்சம், உங்களுக்கும் தலையில இடிக்காத வரைக்கும் பிரச்சினை இல்லை.

நோட்டு எப்படி எடுத்துட்டுப் போறது: 10 டாலர் 3, 5 டாலர் 6, ஒத்தை டாலர் 20. சரியா 80. மேல சொன்ன எல்லாத்துக்கும் சில்லறை கேட்காமக் கொடுத்துடலாம். கப்பல்ல 20 டாலர் நோட்டை மாத்திக்கலாம்னு நம்பி வராதீங்க, கடைசி ரெண்டு நாள் கவுண்டர்ல ஒத்தை டாலர் தீர்ந்து போகும். ஏடிஎம்ல 20-ஆ வரும், ஒவ்வொரு தடவைக்கும் கட்டணமும் உண்டு.

நாணயம் வேண்டாம். ஊழியர் வேற நாட்டுக்காரர், அவர் ஊர்ல வெளிநாட்டு நாணயத்தை யாரும் மாத்தித் தர மாட்டாங்க, அது அவர் டிராயர்லயே கிடக்கும். கிழிஞ்ச நோட்டு, பேனாக் கிறுக்கல் இருக்கற நோட்டும் அதே மாதிரிதான். கப்பல் யூரோவுல ஓடினா யூரோ நோட்டு.

பாய்மரம்:

சரி, எடுக்கறதை விடறேன். ஆனா ஸ்டூவர்டுக்கு 25-ஐ முதல் நாளே கொடுத்தா கவனிப்பு நல்லா இருக்கும்னு ஒரு பேச்சு இருக்கே?

மேல்தளம்:

முதல் நாள் கொடுத்தாலும் சரி, கடைசியில் கொடுத்தாலும் சரி. தொட்டில், கூடுதல் துண்டு, பால் வைக்கக் குளிர்பெட்டியைக் காலி செய்து தருவது போன்ற வேலைகளைக் கேட்கப் போகிறீர்கள் என்றால் முதல் நாள் 10, மீதி 15 கடைசி மாலை என்று பிரிக்கலாம். கடைசி மாலை என்பது முக்கியம். இறங்கும் நாள் காலையில் அவர் அடுத்த பயணிகளுக்காக ஒரே மூச்சில் அத்தனை கேபினையும் மாற்றிக்கொண்டிருப்பார், கண்ணிலேயே பட மாட்டார். தலையணை மேல் வைத்துவிட்டுப் போனால், கேபினைப் பிரித்து மாற்றுவது வேறொரு ஆளாகவும் இருக்கலாம். கையில் கொடுங்கள், அல்லது பெயர் எழுதிய கவரில் கொடுங்கள். கவர் கெஸ்ட் சர்வீசஸில் கேட்டால் கிடைக்கும். மேஜை வெயிட்டருக்கும் கடைசி இரவு உணவின்போது.

பொது உண்டியலில் பல கம்பெனிகள் சேர்க்காத இன்னும் இரண்டு பேரைச் சொல்லிவிடுகிறேன். சூட் அறைக்கு வரும் பட்லர், கான்சியர்ஜ் ஒன்று, உங்களுக்கு அது பொருந்தாது. இன்னொன்று கிட்ஸ் கிளப் ஊழியர்கள். உங்கள் 8 வயதுப் பையன் தினமும் அங்கேதான் இருப்பான். அவர்களுக்கு ரொக்கம் கட்டாயம் இல்லை, சில கம்பெனிகளில் வாங்கவும் அனுமதி இல்லை. அங்கே பயன்படுவது பெயர். சட்டையில் இருக்கும் பெயர்ப்பலகையைப் படமாக எடுத்துவைத்துக்கொண்டு, கப்பலில் தரும் பாராட்டு அட்டையிலும், இறங்கியபின் மெயிலில் வரும் கருத்துப் படிவத்திலும் அந்தப் பெயரை எழுதுங்கள். 'எல்லோரும் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள்' என்று எழுதுவதால் யாருக்கும் எதுவும் கிடைப்பதில்லை. 'இன்னார், கிட்ஸ் கிளப், தினமும் மாலை ஷிஃப்ட், பையனுக்கு ஒவ்வாமை இருப்பதை முதல் நாளே குறித்துக்கொண்டார்' என்று எழுதினால் அது அவர் பதிவில் சேரும், அடுத்த ஒப்பந்தத்துக்கும் பதவி உயர்வுக்கும் அதைப் பார்ப்பார்கள். ஸ்டூவர்டுக்கும் வெயிட்டருக்கும்கூட ரொக்கத்தோடு இதையும் சேர்த்துச் செய்யலாம், காசில்லாத வேலை.

ரொக்கத்துக்குப் பதிலாகச் சாக்லேட், பொம்மை, சென்ட் பாட்டில் கொடுக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அவர்கள் தங்கும் கேபினை இன்னொருவரோடு பகிர்ந்துகொள்கிறார்கள், ஒரு அலமாரிதான் இடம்.

புதுப்பயணி:

எழுதி வெச்சுக்கிட்டேன். குழந்தைக்குக் கட்டணம் இல்லாத கம்பெனியா எடுத்தா 378 + 80 = 458, பேக்கேஜ் வேண்டாம்னு முடிவு. ஒண்ணே ஒண்ணு: பயணத்தப்போ குழந்தைக்கு 2 வயசு முடிஞ்சிருந்தா? புக் பண்ற நாள் வயசா, ஏறுற நாள் வயசா?

நங்கூரம்:

பயண நாள் வயதுதான். புக் செய்யும்போது பிறந்த தேதியைக் கொடுத்தால் கணினியே கணக்குப் போட்டுவிடும். 2 வயது தாண்டும் என்றால் கார்னிவலில் அந்த 126-ஐயும் கட்ட வேண்டி வரும், நார்வீஜியனில் 3 வயது வரை வேண்டாம். ஆனால் நார்வீஜியனில் தலைக்குத் தினசரித் தொகை கொஞ்சம் உயரம், ஆகவே மூன்று தலைக்கு அங்கே எவ்வளவு, நான்கு தலைக்குக் கார்னிவலில் எவ்வளவு என்று இரண்டு பில்லையும் கடைசிப் பக்கம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பணம் கட்டும் முன் பெரும்பாலும் 'முன்கூட்டியே கிராஜுவிட்டி' என்று ஒரு பெட்டி இருக்கும், அதை டிக் செய்ததும் தொகை தெரியும். கிரெடிட் கணக்கைப் பார்க்க வேண்டியிருந்தால் தொகையைக் குறித்துக்கொண்டு டிக்கை எடுத்துவிடுங்கள், பிறகும் சேர்க்கலாம்.